தொரை காருக்கு எடுத்த ஆரத்தி

தோல் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து காய்ந்தால் ஒரு வாடை வரும். அதோடு எலிப் புழுக்கையும், பழைய ரப்பர் புகையும், என் அத்தை வெள்ளிக்கிழமைதோறும் தடவிவந்த தேங்காய் எண்ணெயும் சேர்ந்துகொண்டால் அதுதான் எங்கள் ‘தொரை காரு’. எழுபதுகளில், மலேசியாவில் கோலா கங்சாருக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு, ரப்பர் ஷீட் உலர்த்திப் பின் பாழடைந்துபோன புகைக்கொட்டகையின் கடைசி அறையில், துருப்பிடித்த தகரங்களுக்குப் பின்னால் நின்ற அந்தக் காரை மூக்கால்தான் தெரியும். கண்ணால் பார்க்கும் தைரியம் ரொம்பப் பேருக்கு இல்லை. எனக்கு இருந்தது என்று பெருமையடித்துக்கொள்ளலாம். உண்மையில் அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதால் எனக்கு வேறு வழி இருக்கவில்லை. எலிகள் மற்ற இருக்கைகளையெல்லாம் குதறிப் பஞ்சைப் பிடுங்கியிருக்க, ஓட்டுகிறவர் இருக்கையில் மட்டும் பல்லே படாமல் இருந்ததை அந்த வயதிலேயே கவனித்தேன். அத்தை அங்கே தடவிய எண்ணெயின் வேலையாக இருக்கலாம். ஆனால் எண்ணெயென்றால் எலிக்கு இன்னும் இஷ்டம்தானே.

ஜப்பான் சண்டைக்கு முன்னால், தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் தொரை பிரான்சிலிருந்து கப்பலில் வரவழைத்த வண்டி அது. எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் ஒரு கம்பெனி செய்ய, மேல் உடம்பை வேறொரு பட்டறையில் தொரையம்மாவின் விருப்பப்படி தனியாகச் செய்து பூட்டினார்களாம். ரவிக்கைக்கு அளவு கொடுப்பதுபோல் காருக்கு அளவு கொடுத்திருக்கிறார்கள். நீண்ட மூக்கு, சக்கரங்களைப் பாதி மறைத்துச் சரிந்து ஓடும் மட்கார்டு, மடித்துப் பின்னால் போட்டுவிடும் துணிக்கூரை என்று இருந்த அந்த வண்டியைப் போல் மலாயாவில் இன்னொன்று கிடையாது என்பார்கள். அதை ஓட்டியவர் என் மாமா, அதாவது அத்தையின் கணவர், டிரைவர் மாணிக்கம். ஜப்பான்காரன் வந்தபோது தொரை ஒரு சின்ன வண்டியில் சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிவிட, மாமா பெரிய காரைக் கொட்டகைக்குள் விட்டுத் தகரம் அடித்து மறைத்தார். அடுத்த வருசம் ஜப்பான்காரன் தாய்லாந்துக் காட்டில் ‘சியாம் ரயிலு’ போட ஆள் பிடித்தபோது மாமாவையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சண்டை முடிந்து சியாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியவர்களை, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளின் முனையிலேயே நிறுத்தி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீரால் ஆரத்தி சுற்றி, அதே தண்ணீரைத் தொட்டு நெற்றியில் பொட்டு வைத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள் என்று அப்பா சொல்வார். அவர் அத்தையின் தம்பி. அப்போது சின்னப் பையன். லாரி வந்த ஒவ்வொரு தடவையும் அத்தையும் ஆரத்தித் தட்டோடு போய் நின்றிருக்கிறார். பிறகு லாரி வருவதே நின்றுபோனது. மாமா செத்ததைப் பார்த்தவரும் இல்லை, உயிரோடு பார்த்தவரும் இல்லை.

“செத்தவன் பொண்டாட்டிக்கு ஒரு வருச அழுகை, சியாமுக்குப் போனவன் பொண்டாட்டிக்கு ஆயுசுக்கும் அழுகை” என்று லயத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அத்தை அழுது நான் பார்த்ததில்லை. தாலியும் பொட்டுமாக, காலையில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துவிட்டு வந்து, எங்கள் வீட்டிலேயே ஆக்கிப் போட்டுக்கொண்டு இருந்தார். ஆனால் கல்யாண வீடுகளில் அவர் பந்தியில் பரிமாறலாம், மணமேடைப் பக்கம் போகக்கூடாது. துக்க வீட்டில் தாலியறுத்த பெண்கள் கூடும் இடத்திலும் அவருக்கு இடமில்லை. சுமங்கலி வரிசையிலும் சேர்த்தியில்லை, மற்ற வரிசையிலும் சேர்த்தியில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தான் மனைவியா, கைம்பெண்ணா என்று தெரிந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று ஒருமுறை அம்மாவிடம் அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

சாவுத் தேதி தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசையில் திதி கொடுக்கலாம். அப்பா வருசாவருசம் அந்தப் பேச்சை எடுப்பார்.

“அக்கா, இந்த வருசமாவது மாமாவுக்குக் குடுத்துரலாம்லா. எத்தன நாளைக்கு இப்படியே இருப்ப?”

“அவரு செத்தத நீ பாத்தியா? உசுரோட இருக்கறவருக்கு எள்ளுத்தண்ணி எறைக்கச் சொல்றியா?”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அப்படி இருக்கையில்தான் லகாட்டில் ஈயச் சுரங்கம் வைத்திருந்த ஒரு சீன முதலாளியின் மகன், நாங்கள் ‘தவுக்கே’ என்று அழைத்த மனிதர், தோட்டத்துக்காரர்களிடம் பேசி அந்தக் காரை வாங்கினார். லாரியில் ஏற்றிக் கிளம்பும்போது அத்தை சடக்கில், அந்த மண்ரோட்டின் நடுவே, குறுக்கே போய் நின்றுகொண்டார். கத்தவில்லை, கூப்பாடு போடவில்லை, நின்றார், அவ்வளவுதான். அப்பா வெட்கத்தோடு மலாயில் மாமாவின் கதையைச் சொல்ல, தவுக்கே லாரியிலிருந்து இறங்கிவந்தார். சீனர்களுக்கும் செத்தவர் விஷயமென்றால் பயம் உண்டு. வண்டி ஓட ஆரம்பித்ததும் முதலில் இங்கேதான் கொண்டுவருவேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே அத்தை வழிவிட்டார்.

ஈப்போவில் ஒரு பட்டறையில் வருசக்கணக்காக வேலை நடந்தது. யாரும் நம்பவில்லை, ஆனால் ஒரு மத்தியான நேரம், மழை விட்டு ரப்பர் மரங்களிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தபோது, தவுக்கே சொன்னபடி வந்தார். கூரையைப் பின்னால் மடித்துப் போட்டு, கருநீல உடம்போடு, அந்த மர நிழலுக்குள்ளிருந்து வண்டி மெல்ல வெளியே வந்ததும் லயமே கூடிவிட்டது. மாமாவைத் தெரிந்த கிழவர்கள் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்கள். தவுக்கேதான் ஓட்டிவந்தார், இருந்தாலும் அவர்கள் யாருக்கோ மரியாதை செய்வதுபோல்தான் எனக்குப் பட்டது.

புது வண்டி வந்தால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஆரத்தி எடுப்பது எங்கள் வழக்கம். அதைச் சுமங்கலிதான் எடுக்க வேண்டும்; கங்காணி மனைவி தட்டோடு தயாராக இருந்தார். ஆனால் அத்தை வீட்டிலிருந்தே ஒரு தட்டில் ஆரத்தி கரைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பெண்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததும் கங்காணி மனைவியே, “விடுங்கடி, அவ புருசன் ஓட்டுன வண்டி. அவளே எடுக்கட்டும்” என்று விலகிக்கொண்டார். காருக்குத்தான் எடுக்கப் போகிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

தவுக்கே இறங்கிக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். இருக்கைகளுக்குப் புதுத் தோல் போட்டிருந்தார்கள், பாலாடை நிறம். அத்தை வண்டியின் மூக்குப் பக்கம் போகவே இல்லை. நேராக அந்தத் திறந்த கதவருகே போய், ஆளில்லாத இருக்கைக்கு முன்னால் தட்டைச் சுற்றினார். பிறகு மோதிர விரலைச் சிவப்புத் தண்ணீரில் தோய்த்து, ஸ்டியரிங்குக்கு மேலே, உட்கார்ந்த ஓர் ஆணின் நெற்றி இருக்கக்கூடிய உயரத்துக்குக் கையை நீட்டினார். கை அந்தரத்தில் ஒன்றின்மேல் பட்டதுபோல் நின்றது. பொட்டு வைக்கத் தேவையான நேரத்தைவிட அதிக நேரம் அங்கேயே இருந்தது. அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன்.

கையை எடுத்தபோது விரலில் சிவப்பு இல்லை. பாலாடை நிறத் தோலில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. நான் பேய் பிசாசை நம்புகிறவள் அல்ல. காற்றில் காய்ந்திருக்கும், சேலையில் துடைத்திருப்பார் என்று நானும் எனக்குச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த சாயம் அப்படிச் சுத்தமாகப் போகாது, வேண்டுமென்றால் உங்கள் சமையல்கட்டில் கரைத்துப் பாருங்கள். தவுக்கேயும் குனிந்து இருக்கையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வெகுநேரம் வரை வண்டியில் ஏறவில்லை.

அத்தை ஆரத்தித் தண்ணீரை முச்சந்தியில் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தார்.

“தம்பி, ஆடி அமாவாச எப்ப வருது?”

“ஏன்க்கா?” என்றார் அப்பா.

“வந்துட்டாரு. நெத்தியத் தொட்டேன். சில்லுன்னு இருந்திச்சி.” அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, “உசுரோட இருக்கறவங்க நெத்தி இல்ல தம்பி அது” என்றார்.

சொல்லிவிட்டு, யாரையும் எதிர்பார்க்காமல் தாமே தாலியைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அழுதார். இத்தனை வருசத்து அழுகையும் சேர்ந்து வந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பயம் போய் நிம்மதியாக இருந்தது. ஆடியில் அப்பா மாமாவின் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தார். அதன் பிறகு அத்தை எங்கே உட்கார வேண்டும் என்று எந்த வீட்டிலும் யாரும் குழம்பவில்லை.

ஆனால் அந்த வாரமே வேறொன்று ஆரம்பித்தது. சியாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் மனைவிகள் எங்கள் தோட்டத்தில் இன்னும் சிலர் இருந்தார்கள். ஒவ்வொருவராக, மற்றவர் அறியாமல், பின்வாசல் வழியாக அத்தையைத் தேடி வந்தார்கள். கடைசி லயத்துச் செல்லம்மா வந்ததுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வைத்த கோப்பியைத் தொடாமலே கேட்டார்:

“அந்தக் காரு இன்னொரு வாட்டி வருமாக்கா? எங்க வீட்டுக்காரரு காரெல்லாம் ஓட்டல, பால்மரந்தான் வெட்டுனாரு. அவர அதுல ஏத்திக்குவாங்களா?”

அத்தை அப்பாவை அனுப்பித் தவுக்கேயைக் கேட்கச் சொன்னார். அதற்குள் அவர் காரை வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு விற்றிருந்தார். வீட்டில் வைத்திருக்க மனசு வரவில்லை என்று மட்டும் சொன்னாராம்.

இப்போது அங்கே ரப்பரும் இல்லை, லயமும் இல்லை, எண்ணெய்க்காகப் போட்ட செம்பனைதான். புகைக்கொட்டகை எந்த இடத்தில் இருந்தது என்று போன முறை போனபோது என்னால் காட்ட முடியவில்லை. அத்தையும் போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார், பின்வாசல் வழியாக வந்த பெண்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். எண்பதுகளின் கடைசியில் ஈப்போவில் செல்லம்மா இறந்தபோது நான் போயிருந்தேன். கழுத்தில் தாலிக்கயிறு அப்படியே இருந்தது. குளிப்பாட்டிய பிறகு, பூவும் பொட்டும் வைத்துச் சுமங்கலியாக அனுப்புவதா, வேண்டாமா என்று பெண்கள் தயங்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் வைத்தே அனுப்பினோம். அவர் கணவர் செத்துப்போனார் என்று அதுவரை யாரும் எங்களுக்கு வந்து சொல்லியிருக்கவில்லை.