பழனியப்பண்ணனின் இருபத்தாறு அங்குலம்

செய்தி வந்தபோது நான் ஒருவரின் கடைவாய்ப் பல்லுக்குள் வேரைத் தேடிக்கொண்டிருந்தேன். உதவியாளர் செல்வி கதவைத் திறந்து, "சார், ப்ளான் போடுற பழனியப்பண்ணன் போயிட்டாகளாம். காலையில காப்பி குடிச்சுட்டு உக்காந்தவுக அப்படியே சாஞ்சுட்டாகளாம்" என்றாள். நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தவர் ஏதோ சத்தம் எழுப்பினார். அவர் வீட்டுக்கும் பழனியப்பண்ணன்தான் வரைபடம் போட்டிருந்தார். வாயில் கருவிகள் இருந்ததால் அது துக்கமா நிம்மதியா என்று எனக்குப் புரியவில்லை. காரைக்குடியில் பாதிப் பேருக்கு வீட்டு ப்ளான் போட்டுக் கொடுத்தவர் அவர். அந்தப் பாதிப் பேரோடும் சண்டை போட்டவர்.

மதியத்துக்குள் எங்கள் செக்காலைப் பகுதி வாட்ஸப் குழுவில் அவர் மகானாகிவிட்டார். 'இசை மாமேதை' என்று ஒருவர். 'கிடார்ச் சித்தர்' என்று இன்னொருவர். கூப்பிய கைகளும் ரோஜாப்பூக்களும் வரிசையாக வந்து விழுந்தன. இவர்களில் ஒருவராவது அவர் செய்த கிடாரின் ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்திருப்பாரா என்று யோசித்தேன். இல்லை. அவர் உயிரோடு இருந்தவரை, "மனுஷனுக்கு வேற வேலை இல்ல" என்று சிரித்தவர்கள்தான் அத்தனை பேரும். அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டத்துக்கு வந்து கைதட்டியவர்களுக்காகக் கொஞ்சம் கூடுதலாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழனியப்பண்ணனுக்குச் சங்கீதம் அறவே தெரியாது. சுருதி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டால், சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று கேட்டதைப் போலத் தலையாட்டுவார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் தேனம்மை ஒரு எலெக்ட்ரிக் கிடார் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். படத்தை வாங்கிப் பார்த்தவர், "பலகையில ஆறு கம்பி. இதுக்கு எதுக்குத்தா கடைக்குப் போகணும்? நான் செஞ்சு தாரேன்" என்று சொல்லிவிட்டார். கிடார் கட்டும் பைத்தியம் அவருக்குப் பிடித்தது இப்படித்தான். அதில் ஞானமும் இல்லை, தரிசனமும் இல்லை. கடைக்காரன் மேல் இருந்த இளக்காரம்தான்.

என்னிடம் வந்தது பெயின்ட்டுக்காக. பல் மருத்துவமனையில் காற்றழுத்தும் கம்ப்ரெஷர் உண்டு. அதில் எண்ணெய் கலக்காத சுத்தமான காற்று வரும், பெயின்ட்டைப் பீய்ச்சி அடிக்க ஏற்றது. அதை எங்கிருந்தோ தெரிந்துகொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்றார். நானும் படிக்கிற காலத்தில் கிடார் வாசித்தவன். கிடாருக்கு வண்ணம் அடிப்பதென்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை? ஒப்புக்கொண்டேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகள் அவருடைய கார் ஷெட்டில்தான் கழிந்தன. அந்த ஷெட்டில் கார் இருந்ததே இல்லை.

மரம் பற்றி நான் சொன்ன எதையும் அவர் கேட்கவில்லை. கிடாருக்கு எடை குறைந்த மரம் வேண்டும் என்றேன். அவர் தங்கள் பெரிய வீட்டில் பழுதாகிக் கழற்றிப் போட்ட பர்மாத் தேக்குக் கதவை அறுத்துக்கொண்டு வந்தார். தேக்கில் எண்ணெய் ஊறிக் கிடக்கும், தின்னரில் நன்றாகத் துடைத்து, மரத்தின் துளைகளை அடைக்கும் சீலர் அடித்து, காயவிட்டுத்தான் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றேன். "எங்க வீட்டுக் கதவெல்லாம் எந்த சீலரைக் கண்டுச்சு?" என்றார். வந்த ஆத்திரத்தில் அவர் சொன்னபடியே அடித்தேன். ஆழ்ந்த சிவப்பு, மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட். பத்து நாளில் வெயிலில் உரிந்த முதுகு மாதிரி தோல் தோலாக வந்துவிட்டது. அவர் அதை விரலால் உரித்துப் பார்த்து, "பெயின்ட்டு சரியில்ல டாக்டரே" என்றார். மறுபடி எல்லாவற்றையும் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, நான் சொன்ன முறையில் அடித்துக் கொடுத்தேன். அது உரியவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணம், மரம் இப்போது பழகிவிட்டதாம்.

எடையோடு, பெயின்ட்டோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன். நின்றது அளவில். கழுத்தையும், விரல் வைக்கும் இடம் காட்ட அதன் குறுக்கே பதித்த உலோக மெட்டுகளையும் அவரால் செய்ய முடியாது. அதைத் தயாராக வரவழைத்திருந்தார். அந்த மெட்டுகள் இருபத்தைந்தரை அங்குலக் கம்பிக்குக் கணக்கிட்டு வெட்டியவை. அதாவது மேலே நட் என்ற இடத்திலிருந்து கீழே பிரிட்ஜ் வரைக்கும் கம்பி அந்த நீளம்தான் இருக்க வேண்டும். வீணையில் குதிரை என்பார்களே, அதுதான் பிரிட்ஜ். பழனியப்பண்ணன் அதை இருபத்தாறு அங்குலத்தில் வைத்துத் திருகினார். ஏன் என்று கேட்டேன்.

"மனையடி பாத்தீகளா? இருபத்தஞ்சு ஆகாது. இருபத்தாறு இந்திர யோகம். பொண்ணு கையில போறது, கெட்ட அளவுல எப்படிக் குடுக்குறது?"

மனையடி சாஸ்திரத்தில் வீட்டு அறைக்கு அடிக்கணக்கில் பார்ப்பதை இந்த மனிதர் கிடாருக்கு அங்குலக்கணக்கில் பார்த்திருக்கிறார். வாழ்நாள் முழுக்க சமையலறையை அரை அடி கூட்டு, படுக்கையறையை ஒரு அடி குறை என்று ஊர் வீடுகளை இழுத்துப் பிடித்தவருக்கு, கம்பியை அரை அங்குலம் இழுப்பது பெரிய விஷயமாகப் படவில்லை. கழுத்தில் மேலிருந்து கீழே போகப்போக ஒவ்வொரு மெட்டிலும் சுரம் தாழ்ந்துகொண்டே வரும் என்றேன். போனில் சுருதி காட்டும் ட்யூனரைப் போட்டு, முள் இடது பக்கம் சாய்வதைக் கண்ணுக்கு நேராகக் காட்டினேன்.

"அந்தப் போனுக்கு மனையடி தெரியுமா டாக்டரே? சத்தம் கொஞ்சம் முன்னப்பின்ன வந்தா காது பழகிக்கிரும். அளவு தப்பாப் போனா குடும்பம் தாங்காது."

இதை அவர் சிரிக்காமல் சொன்னார். அதற்குப் பிறகு ஏழெட்டுக் கிடார்கள் செய்தார். எல்லாம் இருபத்தாறு அங்குலம். எல்லாவற்றுக்கும் நான் வண்ணம் அடித்தேன். பார்க்க அத்தனை அழகு, வாசிக்க ஒன்றுக்கும் உதவாது. படித்த மனிதர், கணக்குத் தெரிந்த மனிதர் இப்படி இருக்கிறாரே என்று மனதுக்குள் ஏளனம்தான் இருந்தது. சில நாள் வெளியேயும் சொன்னேன். அவரும் என் வண்ணங்களைப் பார்த்து, "பல்லுக்கு அடிக்கிற வெள்ளையை இங்கிட்டு கொண்டாந்துறாதீக" என்பார்.

அவருடைய பங்காளி லெட்சுமணன் பெரிய வீடு ஒன்றை ஹோட்டலாக்கி வெளிநாட்டுக்காரர்களைத் தங்கவைக்கிறார். ஒருமுறை ஷெட்டுக்கு வந்து, கிடார்களில் ஆத்தங்குடிக் கல் பூ டிசைனை வரைந்து கொடுத்தால் வரவேற்பறையில் மாட்டலாம் என்றார். "தரையில போட்டு மிதிக்கிறதை நெஞ்சுல மாட்டச் சொல்றீக. போய் ஒங்க விருந்தாளிகளுக்கு இட்லி வைங்க" என்று அண்ணன் அனுப்பிவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம்தான் நான்.

தேனம்மையின் கல்யாணத்தில் சீர் பரப்பியபோது வெள்ளியும் பித்தளையும் எவர்சில்வரும் மெத்தையும் பெட்டியும் வரிசையாக இருந்தன. கடைசியில் ஒரு ஸ்டாண்டில் அந்தச் சிவப்புக் கிடார். மாப்பிள்ளை வீட்டுப் பெரிய ஆச்சி ஒருவர் அதைச் சுற்றி வந்து, "இது என்னத்துக்கு?" என்றார். "அந்த அம்பது எவர்சில்வர் தூக்கு என்னத்துக்குன்னு சொல்லுங்க ஆச்சி, நான் இதைச் சொல்றேன்" என்றார் அண்ணன். ஆச்சி நகர்ந்துவிட்டார். கிடார் பெங்களூருக்குப் போய் ஏதாவது ஒரு சுவரில் தொங்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். தேனம்மை இங்கே இருந்தவரை மாடியில் ஹெட்போன் போட்டுக்கொண்டுதான் வாசிப்பாள். அவள் வாசித்து நான் கேட்டதே இல்லை.

கருமாதி முடிந்ததும் லெட்சுமணன் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். தேனம்மை அந்தச் சிவப்புக் கிடாரில் அப்பச்சிக்காக ஒரு பாட்டு வாசிக்க வேண்டும் என்று முடிவானது. தகப்பனை அப்பச்சி என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அவரைப் பார்த்துச் சிரித்த ஊர் முழுக்க வந்து உட்காரும். அவர்கள் முன்னால் அந்தக் கிடார் தப்புத் தப்பாக முனகினால் மறுபடி ஒரு சிரிப்பு. அதுவும் அவள் முகத்துக்கு நேராக. என்ன இருந்தாலும் எனக்கு அது பொறுக்கவில்லை. தேனம்மையைக் கூப்பிட்டு, "பிரிட்ஜை அரை அங்குலம் மேலே ஏத்திருவோம்மா. கூட்டத்துல மானம் போயிரக் கூடாது" என்றேன். "நீங்க சொன்னாச் சரி டாக்டர் மாமா" என்றாள்.

சனிக்கிழமை பிற்பகல் நாலு திருகைக் கழற்றி, இருபத்தைந்தரையில் வைத்து முடுக்கினேன். ட்யூனரில் பார்த்தேன். எல்லா மெட்டிலும் முள் நடுவில் நின்றது. இத்தனை வருடம் கழித்து ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. தேனம்மை வாங்கி வாசித்தாள். எல்லாச் சுரமும் உயர்ந்து கோணிக்கொண்டு வந்தது.

மறுபடி சோதித்தேன். நான் அழுத்தினால் சரியாக வருகிறது, அவள் அழுத்தினால் ஏறுகிறது. அப்போதுதான் அவள் இடது கையைப் பார்த்தேன். ஒவ்வொரு மெட்டிலும் விரல் கம்பியை அழுத்திய கையோடு மெல்ல மேல்பக்கம் தள்ளியது; அப்படி இழுபட்டால் சுரம் ஏறும். கீழ் மெட்டுகளுக்குப் போகப்போகத் தள்ளல் கூடியது. இருபத்தாறு அங்குலத்தில் தாழ்ந்துபோன சுரத்தை எவ்வளவு ஏற்ற வேண்டுமோ அவ்வளவு.

"ஏம்மா கம்பியைத் தள்ளுறே?"

"தள்ளுறேனா?" என்று தன் கையையே பார்த்தாள். "இதுலதான மாமா கத்துக்கிட்டேன். வேற கிடாரைத் தொட்டா எனக்கு வராது. ஆபீஸ்ல ஒரு பேண்ட் வச்சிருந்தாங்க, கூப்பிட்டாங்க. அவங்க கிடார்ல வாசிச்சேன், எல்லாம் தப்பா வந்துச்சு. காது சரியில்லன்னுட்டாங்க. நானும் அப்படித்தான்னு விட்டுட்டேன்."

மனையடியையும் இருபத்தாறு அங்குலத்தையும் அவளுக்குச் சொன்னேன். அப்பச்சியை விட்டுக்கொடுக்காமல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உள்ளபடி சொன்னேன்.

"அப்ப இத்தனை வருஷமா நான் சரியாத்தான் வாசிச்சுக்கிட்டு இருந்தேனா மாமா?"

ஆமாம் என்றேன். அவள் அழுதாள். எனக்குப் பழனியப்பண்ணன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. பிரிட்ஜைப் பழைய ஓட்டைகளிலேயே வைத்துத் திருகிக் கொடுத்தேன். ஒரே நாளில் அவள் கையை மாற்ற முடியாதே.

மறுநாள் கூட்டத்தில் அவள் வாசித்தது உங்களுக்குத் தெரியும். ஒரு சுரம் பிசகவில்லை. லெட்சுமணன் மைக்கைப் பிடித்து, "அண்ணன் கைபட்ட மரம் பேசுது பாருங்க" என்றார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். மரமும் பேசவில்லை, மண்ணாங்கட்டியும் பேசவில்லை. அண்ணன் தப்பாகச் செய்ததை, அவர் மகள் ஒவ்வொரு சுரமாக, தனக்கே தெரியாமல், திருத்திக்கொண்டிருந்தாள். நீங்கள் கைதட்ட வேண்டியது அவளுக்கு. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஊருக்குப் புறப்படுகிற அன்று தேனம்மை, "எனக்கு இன்னொண்ணு செஞ்சு தாரீகளா? சரியான அளவுல. முதல்ல இருந்து கத்துக்கிறேன்" என்று கேட்டாள். அவளுடைய அம்மா உமையாள் ஆச்சி, கணவரின் ஷெட்டுச் சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார். இந்த ஞாயிறு போய்த் திறந்தேன். மீதித் தேக்கை ஒதுக்கிவிட்டு, எடை குறைந்த பலகை ஒன்றை வைத்து, இருபத்தைந்தரை அங்குலத்தில் கோடு போட்டேன். யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கோடு சரியாக விழுந்தது, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இந்தக் கோபத்தை மட்டும்தான். மகளுக்கு நல்லது என்று நினைத்தே அவளைக் கெடுத்த அந்த அரை அங்குலத்தை நான் மன்னிக்கவில்லை. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். இருபத்தாறுதான் சரி என்று அவர் அடித்துப் பேச வேண்டும். அதற்கு அவர் இல்லை. பழனியப்பண்ணே, இது நியாயமே இல்லை.