அக்கரைச் சேற்றில் கிடைத்த செப்புக் காப்பு

2009-ஆம் வருஷத்தின் கடைசி. ரங்கூனில் பனி இறங்கத் தொடங்கியிருந்த நாட்கள். இது நடந்தது ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில்.

ரங்கூன் நகரத்துக்குள் லான்மடாவில் ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கிற சின்னக் கடை எனக்கு. கப்பலில் வேலை பார்த்த என் தம்பி, ஒரு லீவில் வந்தபோது சிங்கப்பூரில் வாங்கிய மெட்டல் டிடெக்டர் ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். நீளமான கைப்பிடி, அடியில் தட்டு மாதிரி ஒரு வளையம். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கூவும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு படகேறி விடுவேன். கண்ணிவெடி தேடுகிற கருவி என்று யாராவது நினைத்துவிட்டால் வம்பு. அதனால் அங்கே வட்டாரத் தலைவரிடம் முன்பே காட்டி, சொல்லி வைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை வீட்டுக்காரர் மண்டலேயில் பிழைப்பு சரியில்லாமல் ரங்கூனுக்குக் குடி வந்திருந்தார். ஊர் புதிது, பேச ஆளில்லை. லீவு நாளில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறார், ஒரு தடவை கூட்டிப் போங்களேன் என்று தங்கை கெஞ்சினாள்.

முதல் தடவை போகிறவருக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் மனசு விட்டுப் போகும். எனக்குத் தெரியும், என் முதல் மூன்று மாதமும் பாட்டில் மூடிகள்தான். அதனால் ஒரு காரியம் செய்தேன். எங்கள் தெருக்கோடி பழைய இரும்புக் கடையில் கொஞ்சம் பழங்காசும், பச்சை பிடித்த ஒரு செப்புக் காப்பும் வாங்கினேன். சனிக்கிழமை காலையில் தனியாக டாலாவுக்குப் போய், தண்ணீர் வடிந்திருந்த கரையில் ஆங்காங்கே ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு குச்சியைச் செருகிவிட்டு வந்தேன். மச்சானிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை படகை விட்டு இறங்கியபோது பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அப்படி ஒரு பனி. படகுத் துறையிலிருந்து சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி வந்தவர் எங்களைக் கரையோரம் இறக்கிவிட்டுத் திரும்பினார். அவர் மணிச்சத்தம் சட்டென்று அறுந்த மாதிரி நின்றுபோனது. ஆற்றில் எங்கோ கப்பல் ஊதியது. எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை.

கரைக்குப் போய்ப் பார்த்தால், பாதிக் குச்சிகளை அலை கொண்டுபோயிருந்தது. மிச்சமிருந்தவற்றைக் குறிவைத்து மச்சானை நடத்திப் போனேன். வளையத்தைத் தரையை ஒட்டிப் பிடிக்க வேண்டும், மெதுவாக வீச வேண்டும், சத்தம் வந்ததும் குறுக்கே ஒரு தடவை வீசி இடத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். முதல் காசு கிடைத்ததும் அதை லுங்கியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ரங்கூனுக்கு வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மூன்றாவது காசைத் தோண்டும்போது அவர் என் முழங்கையைத் தொட்டார். பனிக்குள் ஒரு பெண் நின்றிருந்தாள். முகத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தாள். கணுக்கால் வரை சேறு. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கரையில் குடியிருக்கும் பர்மாக்காரப் பெண் என்று நினைத்து, பர்மிய மொழியில் வணக்கம் சொன்னேன். பதில் இல்லை. நாங்கள் நகர்ந்தால் அவளும் நகர்ந்தாள், நின்றால் நின்றாள். சேற்றில் எங்கள் கால் சளக் சளக்கென்று சத்தம் போட்டது. அவள் நடக்கும் சத்தம் மட்டும் கேட்கவில்லை. மச்சான் காதோரம் வந்து, போயிடலாமா என்று கேட்டார். எனக்கும் உள்ளூர அதே நினைப்புதான். ஆனால் அவருடைய முதல் நாள் பயத்தில் முடியக்கூடாது என்று, காப்பைப் புதைத்த இடத்தைத் தேட ஆரம்பித்தேன். குச்சி இல்லை. இங்கும் அங்கும் வீசிப் பார்த்தேன். கருவி வாயே திறக்கவில்லை.

அப்போது பின்னாலிருந்து தமிழில் குரல் வந்தது.

"அண்ணே, அந்த மெஷினு ஆளுங்களயும் காட்டுமா?"

காட்டாது தாயி, இரும்பு, செம்பு மட்டும்தான் என்றேன். அவள் கையை நீட்டி, தன் காலடிக்கு அருகே காட்டினாள்.

"இங்க வச்சுப் பாருங்க."

மச்சான் கொண்டுபோய் வைத்தார். உடனே கூவியது.

அவர் குனிந்து தோண்ட, அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். போன வருஷத்துப் புயலன்று அவள் தங்கை, புருஷன் வீடு இருந்த கியாக்தானுக்குப் போகச் சின்னப் படகில் ஏறியிருக்கிறாள். படகும் இல்லை, ஆளும் இல்லை. தண்ணீர் வடியும்போதெல்லாம் இவள் கரையில் வந்து பார்க்கிறாள். தங்கைக்குச் சின்ன வயதில் வலிப்பு வருமாம். அதற்காகக் கோயிலில் வைத்துப் போட்ட செப்புக் காப்பு கையிலேயே கிடந்ததாம்.

மச்சான் கையில் ஒரு சேற்று உருண்டை வந்தது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. அதற்குள் அவள் சொன்னாள்:

"ஒரு மொன மட்டும் ராவியிருக்கும். தூங்கயில கன்னத்துல கீறுதுன்னு அப்பாதான் அரத்தால ராவுனாரு."

நான் வாங்கி ஆற்றுத் தண்ணீரில் அலசினேன். ஒரு முனை இயல்பாக உருண்டிருந்தது. மறு முனை ராவப்பட்டு, தட்டையாக இருந்தது. கடையில் வாங்கும்போது அதை நான் கவனித்திருக்கவில்லை.

அவள் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. பேசாமல் விட்டிருக்கலாம். ஆனால் இங்கே ஆற்றோரத்தில் கிடைத்தது என்று நம்பி, அவள் இனி ஆயுசுக்கும் இந்த இடத்தைத் தோண்டுவாளே? எல்லாவற்றையும் சொன்னேன். காசு, காப்பு, குச்சி எல்லாம் நேற்று நான் கொண்டுவந்து வைத்தது என்றேன். நேற்று நான் புதைத்ததைப் பார்த்தாயா என்றும் கேட்டேன். இல்லை, நேற்று காய்ச்சலில் படுத்திருந்தேன் என்றாள்.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீங்க கொண்டாந்து போட்டீங்க, சரி. ஒங்க கையில குடுத்தது யாரு?"

விற்ற கடையிலேயே கேட்டுவிடலாம் என்றேன். மூன்று பேரும் அப்போதே படகேறி லான்மடாவுக்கு வந்தோம். கரையிலிருந்து படகு எடுத்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டவள், இறங்கும்வரை திறக்கவில்லை. பழைய இரும்புக் கடைக்காரர் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆற்றில் முங்கி இரும்பு எடுப்பவர்கள் கொண்டுவந்த சாக்கில் இருந்தது, கியாக்தான் பக்கத்தில் எடுத்ததாகச் சொன்ன ஞாபகம், அதற்கு மேல் தெரியாது என்றார்.

அது அவள் தங்கையுடையதுதானா? எனக்கு இன்றுவரை தெரியாது. ராவிய முனையுள்ள காப்பு உலகத்தில் ஒன்றுதானா இருக்கும்? அந்த இடத்தை அவள் எப்படிக் காட்டினாள் என்பதும் தெரியாது. அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றரை வருஷமாகச் செய்ய மறுத்துவந்த கருமாதியை அந்த மாதமே செய்தாள். எங்களையும் கூப்பிட்டிருந்தாள். படையலில் தங்கையின் போட்டோவுக்கு முன்னால் அந்தக் காப்பு இருந்தது. அன்று வெயிலில், வீட்டு வாசலில் பார்த்தபோது அவள் சாதாரணப் பெண்ணாக, என் தங்கை வயதுக்காரியாக இருந்தாள். பயந்தோமே என்று வெட்கமாகிவிட்டது.

திரும்பும் படகில் மச்சான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "இனிமே எனக்காக ஒண்ணும் பொதைக்காதீங்க மச்சான். ஒண்ணும் கெடைக்கலேன்னாலும் நான் வாரேன்" என்றார். அப்படியே வந்தார். நாலு மாதம் பாட்டில் மூடிகளும் துருப்பிடித்த ஆணிகளும்தான் கிடைத்தன. ஒவ்வொன்றையும் அதே சிரிப்போடு எனக்குக் காட்டினார்.

நல்லதுக்குத்தானே என்று ஒரு சின்னப் பொய் இன்றும் வாய் வரை வரும். ஆனால் அது யார் காதில் போய் எப்படி விழுமோ என்று எனக்குத் தெரியாது என்பதை அந்த ஒரு காலை கற்றுக்கொடுத்துவிட்டதால், வந்ததை அப்படியே விழுங்கிவிடுகிறேன்.