அண்ணன் திருப்பிக் கொடுத்த கார்டு

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வழவழப்பான தாளில், வண்ணப் படத்துடன் அச்சிடச் சொன்னது தம்பியாகிய நான்தான். அச்சகத்தில் செலவைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அண்ணன் உயிரோடு இருந்தபோது யோசித்ததெல்லாம் போதும்.

அண்ணன் பிறந்தது சுசீந்திரத்துக்கு அருகில். நாங்கள் இருவர்தான் பிள்ளைகள். அப்பா தவறியபோது அண்ணன் ஒன்பதாம் வகுப்பு. படிப்பை விட்டுத் திருவனந்தபுரம் வந்து, கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் பி.காம். முடித்தேன். பிறகு பழவங்காடிப் பிள்ளையார் கோவிலருகே தேங்காய், சூடம், பத்தி விற்கும் சிறு கடை ஒன்று போட்டார். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வருகிறவர்களிடம் காசு குறைந்தால், "சாமி பில்லு ஒண்ணும் கேக்காது, கொண்டு போ" என்று கொடுத்துவிடுவார். மதினி திட்டுவார்கள். அண்ணன் சிரிப்பார்.

அண்ணன் வீட்டில் ஏழைகளுக்கான பிங்க் ரேஷன் கார்டு இருந்தது. அதைக் காட்டினால் அரிசி மட்டுமல்ல, ஆஸ்பத்திரியில் சிகிச்சைச் சலுகையும் உண்டு. வசதி உள்ளவர்களுக்கான வெள்ளைக் கார்டுக்கு அது கிடையாது. மகனுக்குத் துபாயில் வேலை கிடைத்துப் பணம் வரத் தொடங்கியதும், அண்ணன் அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"நமக்கு இனி இதுக்கு அர்ஹதை இல்ல, கேட்டியா. நாளைக்கு சப்ளை ஆபீஸ்ல கொடுத்துட்டு வெள்ளைக் கார்டு வாங்கப் போறேன். உன்னதையும் எடு, சேர்ந்து போவோம்."

என்னிடமும் பிங்க் கார்டுதான். வாசலில் கார் நின்றது. அது மாமியார் பெயரில். மாடியில் இரண்டு வாடகைக் குடித்தனம். அதை நான் எந்தப் படிவத்திலும் எழுதியதில்லை.

"அரசாங்கம் கேக்கட்டும் அண்ணே, அப்போ பாக்கலாம். நாம ரெண்டு பேர் கொடுத்தா நாடு நேராகிடுமா?"

"நாடு நேராகாதுதான். நம்ம கடை பக்கத்துல பூ விக்குத பொண்ணு வெள்ளைக் கார்ட வச்சிக்கிட்டு நடக்கால்லா, அவளுக்கு ஒண்ணு கிடைக்கும். இருக்கவன் விட்டாத்தானே இல்லாதவனுக்கு வரும்? நாம வச்சிக்கிட்டிருந்தா அவ தட்டுல கை வச்ச மாதிரில்லா தம்பி."

அந்தப் பெண் வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கணவர் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். அண்ணன் மறுநாள் தனியாகப் போய்க் கார்டைக் கொடுத்துவிட்டு வந்தார். குடும்பத்தில் எல்லோரும் அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்றோம். சில மாதம் கழித்து அந்தப் பெண்ணுக்குப் பிங்க் கார்டு வந்தது. அது தன்னுடைய கார்டுதான் என்று அண்ணன் நம்பினார். ஆபீஸில் அப்படி ஆள் பார்த்து மாற்றிக் கொடுப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அவர் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நான் அவருக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டு வருடத்தில் மகனுக்கு வேலை போயிற்று. ஊருக்கு வந்து வாடகை ஆட்டோ ஓட்டினான். கடையிலும் வியாபாரம் இல்லை. அந்த நேரத்தில்தான் அண்ணனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இருதயத்தில் ஒரு வால்வை மாற்ற வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி கவுன்டரில் கார்டு என்ன நிறம் என்று கேட்டார்கள். வெள்ளை. மறுபடி பிங்க் கார்டுக்கு விண்ணப்பித்தோம். வர நாளாகும் என்று பதில் வந்தது. முந்தின வருடம் அதே ஆஸ்பத்திரியில் என் மனைவிக்கு மூட்டு ஆபரேஷன், என் பிங்க் கார்டில், கைக்காசு செலவில்லாமல் நடந்திருந்தது.

மதினி என்னைத் தனியே அழைத்தார்கள். "தம்பி, கார்டு வாறது வரைக்கும் காத்திருக்கப்பிடாதுன்னு டாக்டர் சொல்லுதாரு. நீங்க ஒரு வழி பண்ணுவீங்களா?"

"கார்டு வந்திரும் மதினி. ஒரு மாசம் பொறுத்தாப் போதும். வெறுதே எதுக்குச் செலவு?"

இதைச் சொன்னது நான்தான் என்று இங்கே எழுதி வைக்கிறேன். பாங்கில் பணம் இருந்தது. அண்ணன் சம்பளத்தில் படித்த படிப்பால் வந்த பணம். உறவினர்களாகிய நீங்களும் வந்து பார்த்தீர்கள். ஜன்னலோரம் ஆப்பிளும் ஆரஞ்சும் குவிந்தன. என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும்.

பூக்காரப் பெண்ணும் வந்தார். மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என் கையில் வைத்தார்.

"சாரே, இது அண்ணாச்சி தந்த கார்டு. இத வச்சு ஆபரேஷன் பண்ணச் சொல்லுங்க. எனக்குப் பின்ன தந்தா மதி, அது போதும்."

வேறொருவர் கார்டில் அப்படிச் செய்ய முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அப்போது என் கார்டு என் சட்டைப் பையில் இருந்தது. போகிற வழியில் ரேஷன் அரிசி வாங்கலாம் என்று எடுத்து வந்திருந்தேன். உள்ளே போய் அவர் வந்துபோனதைச் சொன்னதும் அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்:

"அவளுக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்தியா?"

வாங்கிக் கொடுக்கவில்லை. அந்த மாதம் முடியுமுன் அண்ணன் போய்விட்டார்.

பதினாறாம் நாள் தெரு நிறையக் கார்கள். இப்படி ஒரு மனிதர் இனிப் பிறக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் சொன்னீர்கள். அண்ணன் பெயரில் அன்னதானம் செய்யலாம், பெயர் பொறித்துப் பலகை வைக்கலாம் என்று பந்தியிலேயே தொகை ஏறியது. நான்தான் வேண்டாம் என்றேன். சிலருக்கு என் மேல் வருத்தம். வந்திருந்த கார்களில் எத்தனை மாமியார் பெயரில் இருக்கின்றன என்று நான் எழுதப்போவதில்லை. அது அவரவருக்குத் தெரியும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலரே. லிப்ட் ஓடாத நாளில் அண்ணனை நாற்காலியோடு மூன்று மாடி தூக்கிச் சென்ற மகனின் ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்களுக்கு நன்றி. அண்ணன் போன அன்று, விற்கக் கொண்டுவந்த பூ முழுவதையும் அண்ணன் மேல் போட்டுவிட்டு, காசு கொடுத்தபோது என் முகத்தைப் பாராமல் நடந்துபோன அந்தப் பெண்ணுக்கு நன்றி.

கடைசியாக, சப்ளை ஆபீஸில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு. பதினேழாம் நாள் என் கார்டைக் கொண்டுபோனேன். கார், வாடகை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அவர் முழுவதும் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

"இது கொறச்சு நேரத்தே ஆவாமாயிருந்நல்லோ, சாரே."

கொஞ்சம் முந்தியே செய்திருக்கலாமே என்கிறார். எங்கள் வீட்டில் மதினி உட்பட ஒருவரும் இன்றுவரை என்னிடம் கேட்காததை அவர்தான் கேட்டார். ஆமாம் என்றேன்.