ரெட்டைப் பூட்டும் ஓசிச் சாப்பாடும்

பூட்டு ரிப்பேர் கடைக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய அம்மாவோடு போயிற்று. தெருவுக்கு அவர் 'ரெட்டைப் பூட்டு'. சாயங்காலம் கடையைச் சாத்திப் பூட்டைப் போட்டு ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார். நாலு எட்டு நடப்பதற்குள் மனசு கேட்காது. திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பார்.

"அண்ணே, பூட்டுக்கு வாயிருந்தா அழுதுடும்" என்பார் எதிர்க்கடைத் தையல்காரர்.

"அழட்டும். நாளைக்கு நான் அழாம இருக்கணுமில்ல" என்பார் இவர்.

பிறக்கும்போதே அப்படிப் பிறந்தவர் அல்ல. தொழில் கைவந்த புதிதில் ஒரு பகல் வேளையில் ஒருவர் வந்து, வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது, கதவைத் திறந்து தர வேண்டும் என்று அழைத்துப் போனார். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. கதவு திறந்ததும் அவரே அடுப்படிக்குப் போய் டீ போட்டுக் கொடுத்தார். "கூலி வேற, இது வேற. இது சும்மா நம்ம அன்பு" என்றார். மறுநாள்தான் தெரிந்தது, அது அவர் வீடே அல்ல. வீட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். விசாரணை என்று போலீஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, வாயில் இன்னும் அந்த டீயின் இனிப்பு இருப்பதுபோலவே பூட்டுக்காரருக்குத் தோன்றியது. அதுதான் அவர் குடித்த கடைசி ஓசி டீ. அன்றிலிருந்து கல்யாண வீட்டில்கூட மொய் எழுதிவிட்டுத்தான் இலையில் உட்காருவார்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பகல் வேலை. பெண்கள் இருவர். பெரியவள் ஐந்தாம் வகுப்பு, சின்னவள் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் நடக்கிற மாதங்களில் கவலையில்லை. லீவு விட்டால்தான் தலைவலி. பட்டறையில் உட்கார வைக்கலாம் என்றால் அரமும் ரம்பமும் அமிலமும் கிடக்கிற இடம். அக்கம்பக்கத்தில் விடலாம் என்றால் அக்கம்பக்கத்தை நம்ப வேண்டும். ஆகவே காலையில் சாப்பாட்டை மூடி வைத்து, பிள்ளைகளை உள்ளே விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போவார். அந்தப் பூட்டு அவரே செய்தது. சாவி இரண்டு சுற்று சுற்ற வேண்டும்: முதல் சுற்று வலப்பக்கம், இரண்டாவது இடப்பக்கம். உலகத்தில் அப்படி ஒரு பூட்டு இன்னொன்று கிடையாது என்பதில் அவருக்குப் பெருமை. சாவியும் ஒன்றுதான். அது அவர் இடுப்பில் இருக்கும்.

அந்த வருஷம் லீவு விடுகிற அன்று பிள்ளைகள் ஒரு துண்டுத் தாளோடு வந்தார்கள். லீவு நாட்களிலும் பள்ளிக்கூடம் திறந்திருக்கும், விளையாட்டு, படம் வரைதல், நாடகம் எல்லாம் உண்டு, மத்தியானம் சுடச்சுடச் சாப்பாடு, எல்லாம் இலவசம் என்று அதில் இருந்தது. பூட்டுக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் தையல்காரரிடம் காட்டினார்.

"என் பேரப்பசங்களையும் அனுப்பறேன்" என்றார் தையல்காரர். "நடத்தறது நம்ம நாடக டீச்சர்தான். பாவம், பிள்ளைகுட்டி இல்லாத அம்மா. எல்லாப் பிள்ளையும் தன் பிள்ளைன்னு பார்க்குது."

"சரி, சாப்பாடு யாரு போடறா?"

"நாலு கடைக்காரங்க அரிசி, காய் தர்றாங்களாம்."

"அவங்களுக்கு என்ன வருது?"

"புண்ணியம் வருது."

"புண்ணியத்தைத் தராசுல வச்சுக் காட்டச் சொல்லு. தூண்டில்ல புழு தொங்குதுன்னா மீனுக்கு விருந்துன்னா அர்த்தம்?"

"அண்ணே, நீங்க மீனாப் பிறந்திருந்தா பட்டினியாலயே செத்திருப்பீங்க."

வீட்டில் மனைவியிடம் இந்தப் பேச்சு எடுபடவில்லை. சலவைக்கு வரும் ஆஸ்பத்திரித் துணிகளில் எந்தக் கறை எதனால் வந்தது என்று பார்த்ததும் சொல்லிவிடுகிறவள். புருஷன் முகத்தில் எது எதனால் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"அனுப்புங்க. ஒரு வாரம் பாருங்க. குத்தம் இருந்தா நிறுத்திடலாம். போன லீவு பூரா உள்ளயே கிடந்து பெரியவ பேச்சே குறைஞ்சுபோச்சு, கவனிச்சீங்களா?"

"அவ சுபாவம் அப்படி."

"பூட்டின வீட்டுக்குள்ள கிடந்தா எல்லாருக்கும் அதுதாங்க சுபாவம்."

அனுப்பினார். அதாவது, தானும் கூடவே போனார். டீச்சரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். சமையல்கார அம்மாளிடம் எண்ணெய் எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தார். பானை மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். சோறு, பருப்பு, காய், முட்டை. எல்லாம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தன. அந்த அம்மாள் ஒரு டம்ளர் டீயை நீட்டினாள்.

"வேண்டாம்."

"சர்க்கரை வியாதியாண்ணே?"

"இல்லை. பழக்கமில்லை."

அடுத்தடுத்த நாட்களில் சாப்பாட்டு நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு, பள்ளிக்கூட மதிலுக்கு எதிரே மின்கம்பத்தின் பக்கம் போய் நிற்பார். பிள்ளைகள் ஓடின. பிள்ளைகள் சாப்பிட்டன. பிள்ளைகள் மறுபடி ஓடின. தேடியவருக்கு ஒரு குற்றமும் கிடைக்கவில்லை. குற்றம் கிடைக்காத இடத்தில்தான் பெரிய குற்றம் ஒளிந்திருக்கும் என்று அவருக்கு இன்னும் கலக்கமாயிற்று.

அந்த வாரம் முடிவதற்குள் அது வெளிவந்தது. மனைவி அன்று வேலையிலிருந்து வரத் தாமதம். அப்பாவும் பெண்களும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"அப்பா, டீச்சர் என்னை எடுத்துக்கிட்டாங்க" என்றாள் சின்னவள்.

பூட்டுக்காரர் கை வாய்க்கருகே நின்றது. "என்னம்மா சொன்னே?"

"எல்லாரையும் நிக்க வச்சுப் பார்த்தாங்க. அப்புறம் 'இந்தக் குட்டியை நான் எடுத்துக்கறேன்'னு சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன்."

"உன்னை?" என்று பெரியவளைப் பார்த்தார்.

"என்னை வேணாம்னுட்டாங்க. நான் வளர்ந்துட்டேனாம்" என்றாள் அவள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

பிள்ளைகுட்டி இல்லாத அம்மா. சின்னதாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறாள். வளர்ந்தது வேண்டாம், அது பெற்றவர்களை மறக்காது. பூட்டுக்குள் சாவி விழுவதுபோல ஒவ்வொன்றாக அவர் மனத்தில் விழுந்து பொருந்தியது. புழு எது, தூண்டில் எது என்று இப்போது தெரிந்துவிட்டது. மனைவியிடம் அவர் வாய் திறக்கவில்லை. சொன்னால் சிரிப்பாள். சிரிக்கிற விஷயமா இது?

காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பிப் போனதும், "இன்னைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது" என்று பிள்ளைகளை உள்ளே விட்டுப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தார். உள்ளே சின்னவள் அழுகிற சத்தம் கேட்டது. அழட்டும், நாளைக்கு நாம் அழாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்.

டீச்சர் அட்டையில் பச்சை மை பூசிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுப் பிள்ளையை எடுத்துக்கறேன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்? பெத்தவன் நான் உயிரோட இருக்கேன்!"

பானையைக் கிளறிக்கொண்டிருந்த சமையல்கார அம்மாளின் கரண்டி நின்றது. டீச்சர் ஒரு கணம் விழித்தார். பிறகு கையிலிருந்த அட்டையைத் திருப்பிக் காட்டினார். பெரிய கண்ணும் அகலமான வாயுமாக ஒரு தவளை முகம்.

"நாடகத்துல குட்டித் தவளைக்கு ஆள் எடுத்தேன், சார். வளர்ந்த பிள்ளைங்களை ஓட்டப் பந்தயத்துக்கு விளையாட்டு சார் எடுத்துக்கிட்டார். உங்க சின்னவளை நான் தவளைக்கு எடுத்துக்கிட்டேன்."

சமையல்கார அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. "தத்து எடுக்கலைண்ணே, தத்தறதுக்கு எடுத்திருக்காங்க!"

பூட்டுக்காரருக்குக் காது சுட்டது. தோற்றுப்போனவன் சும்மா திரும்ப முடியுமா? கண்ணில் பட்டது வாசல் கேட். சங்கிலி தொங்க, பூட்டு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"அது கிடக்கட்டும். இத்தனை பிள்ளைங்களை உள்ள வச்சுக்கிட்டு கேட்டைப் பூட்டாம விட்டிருக்கீங்களே, இதுதான் பொறுப்பா?"

"கேட்டுக்குப் பக்கத்துல எப்பவும் ஆள் உட்கார்ந்திருக்கும் சார். பிள்ளைங்க உள்ள இருக்கறப்ப வெளியில பூட்டக் கூடாது. அடுப்பு எரியுது. ஏதாவது ஒண்ணுன்னா எப்படி வெளிய வரும்?"

டீச்சர் சுற்றிலும் பார்த்தார்.

"பிள்ளைங்க எங்கே சார்?"

"வீட்ல."

"கூட யாரு?"

"அவங்க அம்மா."

"அம்மாவுக்குப் பகல்ல ஆஸ்பத்திரி வேலைன்னு சின்னவ சொன்னாளே?"

"இன்னைக்கு லீவு."

டீச்சர் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வை பூட்டுக்காரருக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. சாவி தொலைந்துவிட்டது என்று வந்து நிற்கிற ஒவ்வொருவரையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். தன் மேல் அது விழுவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் கண்டார்.

"நானும் வர்றேன் சார். தவளை இல்லாம ஒத்திகை நடக்காது. நானே கூட்டிட்டு வந்துடறேன்."

"உங்களுக்கு ஏன் சிரமம்..."

"ஒரு சிரமமும் இல்லை."

வழியெல்லாம் அவர் மெதுவாக நடந்தார். டீச்சரும் மெதுவாகவே நடந்தார். கடையில் வேலை இருக்கிறது என்றார். வேலையை முடித்துக்கொள்ளுங்கள், நிற்கிறேன் என்றார் டீச்சர். வீட்டு வாசலில் பூட்டு தொங்குவதைப் பார்த்ததும் டீச்சர் என்ன சொல்வார்? யார் யாரிடமெல்லாம் சொல்வார்? பிள்ளைகளை இப்படி அடைத்து வைக்கிறவனிடம் விடக்கூடாது என்று நிஜமாகவே யாராவது வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டால்? நேற்று இல்லாத தூண்டிலை இன்று நாமே கட்டிக்கொண்டோமே என்று நினைத்துக்கொண்டே நடந்தார்.

பூட்டு தொங்கத்தான் தொங்கியது. டீச்சர் அதைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

உள்ளேயிருந்து சின்னவளின் குரல் வந்தது. "யாரது? சங்கேத வார்த்தை சொல்லுங்க!" வெளியே இருப்பவரிடம் வார்த்தை கேட்காமல் கதவைத் திறக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். பிள்ளைகளால் திறக்கவே முடியாத கதவுக்கு எதற்கு வார்த்தை என்று அவருக்கு இதுநாள்வரை தோன்றியதில்லை.

சாவியை நுழைத்தார். முதல் சுற்று வலப்பக்கம் சுற்றினார். டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவதையும் வலப்பக்கமே முறுக்கிவிட்டார். படக்கென்று ஒரு சத்தம். சாவியின் தலை கையில் இருந்தது, பல் பூட்டுக்குள் இருந்தது. ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்த கை. ஆயுதங்கள் கடையில். கடை தெருக்கோடியில்.

"டீச்சர், ஒரு நிமிஷம், ஓடிப்போய்..."

"அப்பா."

குரல் உள்ளேயிருந்து வரவில்லை. திரும்பினார். பெரியவள் அவருக்குப் பின்னால் தெருவில் நின்றுகொண்டிருந்தாள். கையில் அவருடைய பழைய திருப்புளி, முழங்காலில் புழுதி.

"நீ எப்படி... எந்த வழியா..."

"பின்பக்க சன்னல் கம்பிச் சட்டம் திருகாணியிலதானே நிக்குது. திருகாணித் தலையெல்லாம் உள்பக்கம். நீங்க பூட்டிட்டுப் போனதும் கழட்டி வச்சேன், வாசல்ல சத்தம் கேட்டு இறங்கி வந்தேன்."

"இன்னைக்குத்தான் முதல் தடவையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "போன லீவுலேயே கழட்டிப் பார்த்துட்டேன். வெளிய சுத்தப் போகலைப்பா. சத்தியமா. கழட்டிப் பார்த்துட்டு மறுபடி மாட்டிடுவேன். அடுப்படியில ஏதாவது ஆனா சின்னவளைத் தூக்கிட்டுப் போகணுமேன்னு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா திருகாணியை வெளிப்பக்கம் மாத்திடுவீங்க."

உண்மை. மாற்றியிருப்பார். பூட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்தார். கடைக்காரர்களைச் சந்தேகப்பட்டார், எண்ணெயைச் சந்தேகப்பட்டார், டீச்சரைச் சந்தேகப்பட்டார். தன் பிள்ளை தன் பூட்டைச் சந்தேகப்பட்டு ஒரு வழி செய்து வைத்திருக்கிறாள் என்று மட்டும் சந்தேகப்படவில்லை.

"எந்தப் பூட்டையும் முழுசா நம்பாதேன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள் பெரியவள், மெல்ல.

உள்ளே சின்னவள் பொறுமையிழந்து கதவைத் தட்டினாள். "வார்த்தை சொல்லப் போறீங்களா இல்லையா?"

"கொர்ர்" என்றார் டீச்சர், கதவருகே குனிந்து.

"ஐ, டீச்சர்!" என்றாள் அவள்.

பெரியவள் வந்த வழியே திரும்பிப் போய்த் தங்கையை இறக்கிக் கொண்டுவந்தாள். டீச்சர் இருவரையும் கைப்பிடித்துக்கொண்டார். போகுமுன் பூட்டுக்காரரிடம், "நாளைக்கும் வருவாங்க இல்ல சார்?" என்று கேட்டார். கேள்வி மாதிரி இல்லை அது.

"வருவாங்க" என்றார் அவர். "லீவு முடியற வரைக்கும் வருவாங்க."

மத்தியானம் மதிலுக்கு எதிரே நிற்காமல் கேட்டைத் தாண்டி உள்ளே போனார். சமையல்கார அம்மாள் சிரிக்காமல் இருக்க எவ்வளவோ பாடுபட்டு ஒரு டம்ளர் டீயை நீட்டினாள். வாங்கிக்கொண்டார். குடிப்பதற்கு முன் மோந்து பார்த்தார். குடித்து முடிக்கிற வரை அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சாயங்காலம் ரம்பத்தால் அந்தப் பூட்டை அறுத்து எடுத்தார். உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருந்த பூட்டு இரண்டு துண்டாகி விழுந்தது. அந்த இடத்தில் உள்ளேயிருந்தும் திறக்கிற கதவுப் பூட்டைப் பொருத்தினார். மனைவி வேலையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை. அறுந்து கிடந்த துண்டுகளை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பெரியவளைக் கூப்பிட்டுப் புதுச் சாவி ஒன்றை அவள் கையில் கொடுத்தார். "இது உன்னுது. நல்ல பூட்டு. பார்த்துத்தான் போட்டிருக்கேன்."

அவள் உள்ளே நின்று கதவைப் பூட்டித் திறந்தாள். வெளியே போய்ப் பூட்டித் திறந்தாள். சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்தாள். வந்தவள் நாலு எட்டு நடந்தாள், நின்றாள், திரும்பிப் போய் இன்னொரு தரம் திறந்து பார்த்தாள்.