வேலி போட்டதாரு?

இங்கே மருத்துவமனையில் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். "மிஸ்டர் மாரப்பன்" என்று வரவேற்பில் இருக்கும் பெண் அழைத்ததும், இத்தனை வருடங்களுக்குப் பிறகும், அப்பா எங்கே என்று ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறேன். அப்புறம்தான் எழுந்து போகிறேன். டொராண்டோவுக்கு வந்தபோது குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது அது? அப்பா பெயரைக் கொடுத்தேன். ஒருகாலத்தில் ஒரு பாட்டில் சேர்க்காமல் நான் மறைத்த பெயர் அது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், சப்வே நிலையத்தில் ஒரு இளைஞன் கிதார் வாசித்துப் பாடுகிறான். வாடகையை ஏற்றும் முதலாளிகளையும் அவர்களுக்குத் துணைபோகும் மேயரையும் திட்டுகிற பாட்டு. பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரர் காலால் தாளம் போடுகிறார். ஒரு நாள் மனசு கேட்காமல், உன்னைப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்களா என்று கேட்டேன். நான் ஏதோ அதிகாரி என்று நினைத்துவிட்டான் போல. கழுத்தில் தொங்கிய அட்டையை அவசரமாக எடுத்துக் காட்டினான். பாடுவதற்கு சப்வே நிர்வாகம் கொடுத்த லைசென்ஸ். எனக்குப் பாஷா பாயின் கழுத்து ஞாபகம் வந்தது. அதில் எப்போதும் டேப்பு தொங்கும், துணி அளக்கிற டேப்பு.

பாஷா பாய் பாலக்கோட்டில் தையல்காரர். எண்பதுகளின் நடுவில் நான் தர்மபுரியில் கல்லூரி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு தப்பட்டைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, மாரண்டஹள்ளி, அரூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போவோம். முதலில் அந்த ஊர்க்காரர்களிடம் குறை கேட்போம். அங்கேயே உட்கார்ந்து அதை நான் பாட்டாகக் கட்டுவேன். கடைசி அடியில் பாஷா பாய் "செஞ்சதாரு?" என்று கேட்பார். தப்பட்டை மூன்று முறை விழும். அப்புறம் ஆள் பெயர். பெயர் சொல்லாத பாட்டை நாங்கள் பாட்டாகவே எண்ணியதில்லை.

எங்கள் ஊருக்கும் ஒரு ஞாயிறு போனோம். காலனிக்காரர்கள் சுடுகாட்டுக்குப் போகும் பாதையை அடைத்து ஒருவர் முள்வேலி போட்டிருந்தார். உள்ளே தக்காளி. மழைக்காலத்தில் பாடையை ஏரித் தண்ணீரில் மார்பளவு இறங்கித் தூக்கிப் போனார்கள். வேலி போட்டவர் என் அப்பா. நான் பாட்டைக் கட்டினேன், நன்றாகவே கட்டினேன். பெயர் வர வேண்டிய இடத்தில் மட்டும் "ஒரு பெரிய மனுசன்" என்று வைத்தேன்.

பாஷா பாய் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏன் வாத்தியாரே, உங்கூர்ல பெரிய மனுசனுக்குப் பேரு வெக்கற பழக்கம் இல்லீங்களா?"

இன்றைக்கு மட்டும் அப்படியே பாடுங்கள் என்றேன். அவர் அப்படியே பாடினார், என் முகத்துக்காக. கூட்டத்தில், அந்த மழையில் மருமகளைப் புதைத்த ஒரு அம்மா எழுந்து நின்றாள். "எந்தப் பெரிய மனுசன்? நாங்க தண்ணில நடந்தமே, எங்களுக்குத் தெரியாதா? நீ சொல்லுப்பா."

பாஷா பாய் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் தப்பட்டைக்காரரைத் திரும்பிப் பார்த்து, மறுபடி எடுத்தார்.

"எங்க பொணம் போற வழியில வேலி போட்டதாரு?"

மூன்று அடி. "மாரப்பன்."

கூட்டம் அந்தப் பெயரையே திருப்பிச் சொன்னது.

அப்பா புகார் கொடுத்தார். ஸ்டேஷனில் பாட்டு யாருடையது என்று கேட்டார்கள். நானும் அங்கே நின்றிருந்தேன். "பேரு போட்ட அடி என்னுதுங்க, வாத்தியாருக்கு அதுல சம்பந்தமில்லீங்க" என்றார் பாஷா பாய். அது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன், மற்ற அடிகளெல்லாம் என்னுடையவை என்று சொல்லவில்லை. என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் வெளியே வந்தபோது வலது கையால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம். நான் போய்ப் பார்க்கவில்லை. மேற்படிப்பு என்று கிளம்பிவிட்டேன். பஸ் ஏற்றிவிட்டவர் அப்பா.

இருவரும் இப்போது இல்லை. வேலியும் இல்லை. காலனியில் சாவு விழுந்தால், அந்தப் பாதையில் பாடை போகும்போது இன்னமும் அந்த அடியைப் பாடுகிறார்களாம். தம்பி போனில் வெட்கத்தோடு சொன்னான். எனக்கு அதைக் கேட்க வேண்டும். ஊரில் எனக்கு வேறெதுவும் வேண்டியதில்லை. அந்தத் தக்காளிக் காட்டு வரப்பில் ஒதுங்கி நின்று, அவர்கள் கேட்பதையும் சொல்வதையும் ஒரு தடவை கேட்டால் போதும். ஆனால் என் முகத்தில் அப்பாவின் ஜாடை இருக்கிறது. அங்கே நான் நின்றால் அவர்கள் பாடுவார்களா?

போன வாரம் அந்த இளைஞன், உங்கள் ஊர்ப் பாட்டு ஏதாவது தெரியுமா என்று கேட்டான். மெட்டை முனகிக் காட்டினேன். கிதாரில் பிடித்துக்கொண்டான். எங்கே தட்ட வேண்டும் என்றும் சொன்னேன். "வேலி போட்டதாரு?" என்று என் கிழட்டுக் குரல் கேட்டது. அவன் கிதார் மரத்தில் மூன்று முறை தட்டிவிட்டு, காத்திருந்தான்.

"மாரப்பன்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். ரயில் வந்து நின்றது, ஜனங்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நன்றாக இருக்கிறது, கடைசியில் வருகிற அந்தச் சொல் என்ன என்று கேட்டான். ஒரு பெயர் என்றேன்.

"உங்கள் பெயரா?"

"ஆமாம்" என்றேன்.