அப்பா காப்புக் கட்டாத வருடம்

எங்கள் அப்பா வருடா வருடம் தீ மிதிப்பார். தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் பூக்குழியில் முதலில் இறங்குகிறவர் அவர்தான். அதற்கு இரண்டு வாரம் முன்பே கையில் காப்புக் கட்டிவிடுவார்கள். காப்புக் கட்டியவர் வீட்டார் எங்கேயும் எந்த உயிரையும் கொல்லக்கூடாது. மீறினால் தீயில் அவர் கால் வெந்துபோகும். தோட்டத்தில் யாரும் இதைக் கேள்வி கேட்டதில்லை. அந்த நாட்களில் கரப்பான்பூச்சியைக்கூட அம்மா மரியாதையாக முறத்தில் ஏந்திக்கொண்டு போய் வெளியே விடுவார். என் தலையில் பேன் குத்த மாட்டார். பேன்களுக்கும் அது திருவிழாதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் இந்த ஏற்பாட்டுக்குக் குறுக்கே ஒரு தவளை வந்து விழுந்தது. அக்காவுக்கு அப்போது பதினாறு வயது; டவுன் பள்ளிக்கூடத்தில் நான்காம் படிவம், அறிவியல் பிரிவு. எங்கள் லயத்து வீடுகளிலிருந்து அந்தப் பிரிவுக்குப் போன முதல் ஆள். உயிரியல், வேதியியல், பௌதிகம், கூடுதல் கணிதம் என்று அவள் பாடங்களை அடுக்கினால், அம்மா அர்ச்சனையைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருப்பார். இதைப் படித்தால் தாதியாகலாம், டாக்டராகக்கூட ஆகலாம் என்று அப்பா யாரிடமோ விசாரித்து வைத்திருந்தார்.

உயிரியல் பாடத்தில் தவளை அறுக்க வேண்டும், ஆளுக்கொன்று. அதற்குக் குறித்த நாள் தீமிதிக்கு முந்தின நாள்.

“தவளைய வுட்டுட்டு மத்ததப் படிக்க முடியாதாம்மா?” என்று அப்பா கேட்டார்.

“பாடத்திட்டத்துல இருக்குப்பா,” என்றாள் அக்கா.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அதுக்காக ஆத்தா திருநாள மாத்த முடியுமா? தவளைய ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லுலா.”

அக்கா கேட்டுப் பார்த்தாள். ஆய்வுக்கூடம் அன்றைக்குத்தான் கிடைக்கும், அறுக்க முடியாதவர்கள் கலைப்பிரிவுக்கு மாறிக்கொள்ளலாம் என்று ஆசிரியை சொல்லிவிட்டாராம். வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை. “நான் மாறிக்கிறேன்பா. ஒங்க கால் வெந்துட்டா நான் என்னா செய்வேன்?” என்று அழுதாள்.

அப்பா அவள் பையைக் கழற்றி வாங்கி வைத்தார். பிறகு, “நீ அறு. கால் என் காலு, அத நான் பாத்துக்கிறேன்,” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. தவளையும் சாகும், அப்பாவும் தீயில் இறங்குவார், ஒன்றும் ஆகாது. ஆத்தாவே அப்பா பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் காப்புக் கட்டு. பெருமை தாங்காமல் அப்பாவின் பின்னாலேயே கோயிலுக்கு ஓடினேன்.

அங்கே கோயில் தலைவரான கங்காணி மஞ்சள் கயிற்றை எடுத்துக்கொண்டு முதலில் அப்பாவைத்தான் கூப்பிட்டார். அப்பா கையை நீட்டவில்லை.

“கால்ல வெட்டுப் பட்டிருக்குண்ணே. அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

“என்னாப்பா, வருசா வருசம் நீதானே முன்னுக்கு எறங்குவ? பயம் வந்துருச்சாலா?”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் கூடவே சிரித்தார். அக்காவைப் பற்றியோ தவளையைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அவர் கால் கழுவும்போது நான் குனிந்து குனிந்து பார்த்தேன். இரண்டு காலிலும் ஒரு கீறல்கூட இல்லை.

தீமிதி அன்று வேறு யாரோ முதலில் இறங்கினார். அப்பா பூக்குழியைச் சுற்றிக் கட்டியிருந்த தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் எங்களோடு நின்றார். “ஒங்கப்பா பயந்துட்டாருலா,” என்று பக்கத்து வீட்டுப் பெண் என் காதில் சொன்னாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேளச் சத்தத்துக்கு நடுவே அப்பா அக்காவின் பக்கம் சாய்ந்து கேட்டார்:

“நேத்து அறுக்குறப்ப கை நடுங்குச்சாம்மா?”

“இல்லப்பா. நான்தான் மொதல்ல அறுத்தேன்.”

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பூக்குழியைத் தாண்டிக் கரையேறும்போது வருடா வருடம் அவர் முகத்தில் வருகிற அதே சிரிப்பு. எனக்கோ எரிச்சல் தாங்கவில்லை. தீயில் இறங்கப் பயந்து பொய் சொன்ன மனிதருக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று, அவர் கையை உதறிவிட்டு அம்மா பக்கம் போய் நின்றுகொண்டேன்.