இருமாத அக்கா

இத்தாலியின் பலேர்மோவில் அந்தக் கோடை விடுமுறையில் சுகாதார நிலையமொன்றில் பயிற்சி மாணவியாக இருந்தேன். அங்கே வீட்டு வேலை செய்யும் நம் இலங்கைத் தமிழரைக் காசநோய்ப் பரிசோதனைக்கு அழைத்து வருவது என் வேலை. யாரும் வரவில்லை. இருமல் என்று தெரிந்தாலே வீட்டு எசமானியான சிஞ்ஞோரா வேலையிலிருந்து நிறுத்திவிடுவாள் என்ற பயம்.

ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் தவித்துக்கொண்டு நின்றேன். முன்பின் தெரியாத மன்னார் அக்கா ஒருவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "எனக்கு ஒரு மாசமா இருமல். வியாழன் லீவிலை இந்தப் பிள்ளையோடை போறன். ஆர் வாறியள்?"

வியாழக்கிழமை பலர் வந்தார்கள். வழியெல்லாம் அக்கா இருமவேயில்லை. ஏன் என்று கேட்டேன்.

"இருமுறவள் தானாய் வாயைத் திறப்பாளோ, பிள்ளை?"

அக்காவுக்கு நோயில்லை. கூட வந்த ஒருத்திக்கு இருந்தது; மருந்தெடுத்துக் குணமானாள். ஆனால் இருமல் கதை சிஞ்ஞோராவின் காதுக்கு எட்டி, அக்காவின் வேலை போய்விட்டது.

எனக்குச் சான்றிதழ் கிடைத்தது, 'மக்களின் நம்பிக்கையை வென்றவர்' என்று. அதை இன்னும் சுவரில் மாட்ட முடியவில்லை.